புள்ளி வரலாம்

"தமபி, பல வலி" என்று அக்காவின் லேப்டாப் கூப்பிட்டபோது டிரைவிங் மாஸ்டர் பாதிச் சவரத்தில் இருந்தார். ஒரு கன்னத்து நுரையோடு ஓடிவந்து, "எங்கெங்க வலிக்குது? நெஞ்சா? முதுகா?" என்று பதறினார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். தலையிலும் வலி போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். அவள் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். தம் கன்னத்து நுரையைச் சொல்கிறாள் என்று துடைத்துக்கொண்டார். காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அங்கே இதய டாக்டர் மார்பில் குழாயை வைத்த பிறகுதான் அக்கா வாயை ஆவென்று திறந்து கடைவாயைச் சுட்டினாள். வலித்தது ஒரே ஒரு பல்.

லேப்டாப்பில் புள்ளிப் பட்டன் செத்துப்போனதை வீடு கண்டுபிடித்தது இப்படித்தான்.

அக்கா கணக்கு டீச்சர். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் டாக்டர் ஒரு புண்ணியம் செய்தார். "குரல் இருக்கும்போதே பதிஞ்சு வெச்சுக்கங்கம்மா" என்றார். அக்கா ஒரு லேப்டாப் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, அது கேட்ட வாக்கியங்களையெல்லாம் தொண்டை நோக நோக வாசித்தாள். இன்றைக்கு அவள் டைப் அடித்தால் அது அவள் குரலிலேயே பேசுகிறது. திட்டினால்கூட அசல் அக்கா திட்டுகிற மாதிரியே இருக்கும். அந்தக் குரல் உலகத்தில் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. வேறு கம்பெனிப் பெட்டிக்கு அது போகாது. இந்த லேப்டாப் கம்பெனி போட்ட பூட்டு அப்படி.

தமிழில் எந்தப் பட்டன் அதிகம் அடி வாங்கும்? புள்ளிதான். 'அம்மா' என்று கூப்பிடக்கூட அது வேண்டியிருக்கிறதே! அடிபட்டு அடிபட்டு ஒருநாள் உள்ளே போனது போனதுதான். மாஸ்டர் வெளியிலிருந்து வேறொரு கீபோர்டைச் சொருகிப் பார்த்தார். 'அன்னியக் கருவி. நம் உறவைப் பாதுகாக்கிறோம்' என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு லேப்டாப் அணைந்துவிட்டது. திரையிலேயே எழுத்தைத் தட்டுகிற வசதி ஒன்று முன்பு இருந்தது. போன அப்டேட்டில் அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வானிலையைப் போட்டிருந்தார்கள். தெருமுனை ரிப்பேர்க்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டி வெச்சிருக்கான் மாஸ்டர். பிரிச்சா உள்ள இருக்கற குரல் போனாலும் போயிரும். ஆளை விடுங்க" என்று கும்பிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா புள்ளியில்லாத சொற்களாகத் தேடிப் பிடித்துப் பேசத் தொடங்கினாள். "வா." "போ." "மூடு." "அதை எடு." "போடா." வீடு ராணுவ முகாம் ஆனது. மாஸ்டர் முகம் சுண்டிப்போனார். அவளுக்குக் கோபமில்லை, சொற்கள்தான் கிடைக்கவில்லை என்று புரிய அவருக்கு நாளாயிற்று.

வீட்டில் சமாளிக்கலாம். வகுப்பில்? ஒன்றிலிருந்து பத்துவரை பாடப்புத்தகத்தில் இருக்கிறபடி எழுதிப் பாருங்கள். புள்ளி இல்லாதவை ஆறும் ஏழும் மட்டும்தான். ஆறையும் ஏழையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை நாள் கணக்கு நடத்துவாள்? "எடடு" என்று லேப்டாப் சொன்னதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. "எட்டு டீச்சர், எட்டு!" என்று பின்வரிசை கூவியது. அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள், படிக்காமல் வந்தவர்களைப் பார்த்துக் 'கல்விதான் முக்கியம்' என்று அடித்துத் தொலைத்தாள். நடுவில் இருக்கிற புள்ளி போனால் அந்தச் சொல் என்ன ஆகும் என்பதை நான் எழுதப்போவதில்லை. தமிழ் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்று மாலையே பெற்றோர் சிலர் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள்.

பள்ளி நிர்வாகக் குழு முடிவெடுத்தது. திங்கட்கிழமை குழுவே வந்து வகுப்பில் உட்காரும். மெஷின் ஒழுங்காகப் பேசினால் அக்கா தொடரலாம். இல்லையென்றால் சாக்பீஸ் பெட்டி அடுக்கும் அறையில் ஒரு நாற்காலி, அதே சம்பளம்.

"சம்பளம் அதேதானே அக்கா?" என்று மாஸ்டர் ஆறுதலாகச் சொல்லப்போனார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய வலதுகால் தானாகத் தரையை மிதித்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பயம் வந்தால் அந்தக் கால் எங்கே இருந்தாலும் பிரேக்கைத் தேடும். அதை அவரால் நிறுத்த முடிவதில்லை.

"நான வகுபபு எடுககணும" என்று லேப்டாப் அக்காவின் குரலில் கெஞ்சியது. மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் காலை, ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு லேப்டாப் கம்பெனிக்குக் கிளம்பினார்.

கம்பெனி வாசல் நடைபாதையில் ஒரே கூட்டம். பாயும் தலையணையும் பிளாஸ்குமாக உட்கார்ந்திருந்தார்கள். புது மாடல் வரப்போகிறதாம். முதல் ஆளாக ஒருவர் மடக்கு நாற்காலி போட்டுச் சட்டமாக உட்கார்ந்திருந்தார்.

"புதுசுல என்ன வேணும்னு காத்திருக்கீங்க?" என்று மாஸ்டர் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு அடுத்தது எப்ப வரும்னு அது முன்கூட்டியே சொல்லணும்" என்றார் மடக்கு நாற்காலிக்காரர்.

"இப்ப எந்த மாடல் வெச்சிருக்கீங்க?"

"சே சே, நான் இதுவரைக்கும் வாங்கினதே இல்ல. அவசரப்பட்டு வாங்கினவனெல்லாம் ஏமாந்துதான் போயிருக்கான்."

உள்ளே குளிரக் குளிர ஒரு கூடம். நீள நீளமான மேஜைகள். மேஜைமேல் லேப்டாப் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு மேடையில் கறுப்பு வெல்வெட் துணி போர்த்தி ஏதோ இருந்தது. அதன் இருபக்கமும் இரண்டு காவலர்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள். முகப்பு மேஜையில் இருந்த பெண் சிரித்த முகமாக, "உங்க எதிர்பார்ப்பு என்ன சார்?" என்றாள்.

"எதிர்பார்ப்பெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஒரு பட்டன் வேலை செய்யல. சரி பண்ணணும்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "வேலை செய்யணும்ங்கறது எதிர்பார்ப்பு இல்ல சார், புகார். புகார்ப் பிரிவு கீழ்த்தளம்."

"எப்படிப் போகணும்?"

"கீழ்த்தளத்தை மூடிட்டோம் சார். நிறையப் புகார் வந்துட்டிருந்துது."

"சரி, பழைய மாடலே புதுசா ஒண்ணு குடுங்க. அக்கா குரலை அதுக்கு மாத்திக்கறோம்."

"பழைய மாடல் போயிட்டிருக்கு சார். புது மாடல் வந்துட்டிருக்கு. நடுவுல நாங்க எதுவும் விக்கறதில்ல."

"புது மாடல் எப்பம்மா வரும்?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "வரலாம்."

இந்தக் கட்டடத்தில் 'வரும்' என்று சொன்னால் வேலை போய்விடும், 'வராது' என்று சொன்னாலும் போய்விடும். எல்லாரும் ஒரே சொல்லை வைத்துத்தான் குப்பை கொட்டினார்கள். லிஃப்ட் வருமா என்று கேட்டால்கூட 'வரலாம்' என்றார்கள். வரவில்லை. மாஸ்டர் படியேறினார். ஏறிய தளத்தில் தென்பட்ட முதல் ஆளிடம், பொறுமை போய், சற்று உரக்கவே கேட்டார்: "எனக்கு ஒண்ணும் வேணாம் சார். புள்ளி வேணும். புள்ளி கிடைக்குமா, கிடைக்காதா?"

தளம் முழுக்கப் பேச்சு நின்றது. டைப் அடித்த விரல்கள் அந்தரத்தில் நின்றன. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒல்லியான ஒருவர் விருட்டென்று எழுந்து வந்து, மாஸ்டரின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"யார் சொன்னாங்க?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதை?"

"புள்ளி. யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. எங்க அக்கா லேப்டாப்புல இல்ல, அதான்..."

"இப்ப இருக்கறதுல இல்ல. அப்ப அடுத்ததுல இருக்கு." அவருக்கு வியர்த்தது. "எனக்கே தெரியாம எப்படி வெளிய போச்சு?"

அவர்தான் வதந்திப் பிரிவு மேலாளர். புது மாடலைப் பற்றி வாரத்துக்கு ஒரு வதந்தி தயாரித்து வெளியே விடுவது அவர் வேலை. அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். கேன்டீனில் பக்கத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி ரகசியம் பேச இருவர், பஸ்ஸில் படம் விழுந்த தாளை 'மறந்து' வைத்துவிட்டு இறங்க ஒருவர், மறுநாள் அதை ஆவேசமாக மறுக்க ஒருவர். மறுப்பவருக்குத்தான் சம்பளம் அதிகம்.

"ஐயா, இது எழுத்துமேல வைக்கற புள்ளி. பட்டன் போச்சு. அவ்வளவுதான் விஷயம்" என்று மாஸ்டர் கும்பிட்டார்.

மேலாளர் அவரை மரியாதையோடு பார்த்தார். "அருமையா மறுக்கறீங்க. எங்க ஆளுக்கே இந்த அளவு வராது."

 மாஸ்டரின் கால் பிரேக்கைத் தேடியது.

"திங்கட்கிழமைக்குள்ள ஏதாவது பண்ணலேன்னா எங்க அக்கா பொழைப்பு போயிரும் சார். அந்தக் குரல் அவ சொந்தக் குரல். அதுக்கு வேற வழியில்ல."

"ஞாயித்துக்கிழமை வெளியீட்டு விழா. அக்காவைக் கூட்டிட்டு வாங்க, லேப்டாப்போட. மேடையிலயே குரலைப் புது மெஷினுக்கு மாத்திடலாம்."

"மாத்திடுவீங்களா? நிச்சயமா?"

"மாத்தலாம்" என்றார் மேலாளர்.

மாஸ்டர் கீழே இறங்கி வருவதற்குள் நடைபாதை கொதித்துக்கொண்டிருந்தது. "புள்ளியாமே?" "ஆமா, புள்ளியாம்!" என்று வாய்க்கு வாய் தாவிக்கொண்டிருந்தது. என்ன புள்ளி என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் அது இல்லாமல் இத்தனை காலம் எப்படி வாழ்ந்தோம் என்று எல்லாரும் நொந்துகொண்டார்கள். மடக்கு நாற்காலிக்காரர் மைக்குகளுக்கு முன்னால் நின்று, "நான் ஆரம்பத்துலேர்ந்தே புள்ளியைத்தான் எதிர்பார்த்தேன்" என்றார். அன்று இரவு டிவியில் நாலு நிபுணர்கள் கட்டிப் புரளாத குறை. திரையில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் கூடும் என்றார் ஒருவர். வாங்குகிறவர்களின் புள்ளிவிவரத்தைத் திருடப்போகிறார்கள் என்றார் இன்னொருவர். லேப்டாப் தயாரிப்புக்கே முற்றுப்புள்ளி என்று மூன்றாமவர் குண்டைத் தூக்கிப்போட்டார். நாலாமவர் மூவர் சொன்னதையும் ஒப்புக்கொண்டு, "ஆனா இன்னும் மெலிசா இருக்கலாம்" என்றார்.

சோபாவில் அக்காவும் தம்பியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மெல்லத் திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள்.

"நீயா?" என்றது லேப்டாப். அந்தச் சொல்லில் புள்ளி கிடையாது. சுத்தமாக வந்து விழுந்தது.

"சத்தியமா நான் பட்டனைத்தான் கேட்டேன் அக்கா" என்றார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை விழா அரங்கில் நிற்க இடமில்லை. 'முதல் எதிர்பார்ப்பாளர்' என்று அட்டை மாட்டி அக்காவை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். லேப்டாப் மடியில் இருந்தது. பேசினால் அரங்கமே கேட்கட்டும் என்று அதற்கு ஒரு மைக்கும் வைத்திருந்தார்கள். மாஸ்டர் மேடை ஓரத்தில் நின்றார். வெல்வெட் துணி நடுவில் இருந்தது. கம்பெனித் தலைவர் செருப்பில்லாமல் மேடைக்கு வந்தார். புது மாடல் வெளியீட்டில் செருப்புப் போடுவதில்லையாம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. போன வெளியீட்டில் செருப்பு அறுந்துவிட்டதாக ஒரு பேச்சு உண்டு.

"நாங்க லேப்டாப் விக்கறோம்னு நிறையப் பேர் நினைக்கறாங்க" என்று தலைவர் தொடங்கினார். "இல்ல. லேப்டாப்பை யார் வேணா விக்கலாம். வாங்கினவர் ஒருநாள் சந்தோஷப்படுவார், மறுநாள் சார்ஜரைத் தேடுவார், அதுக்கு மறுநாள் எங்களைத் திட்டுவார். ஆனா காத்திருக்கறவர் இருக்காரே, அவர் எங்களைத் திட்டினதே கிடையாது! எங்க தரத்துமேல முழு நம்பிக்கை வெச்சிருக்கறவர் யாருன்னு பாத்தா, எங்க பொருளைத் தொட்டே பார்க்காதவர்தான்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மடக்கு நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க புள்ளி கேட்டீங்க. எங்களுக்கு ராத்தூக்கம் இல்ல. ஆராய்ச்சி பண்ணினோம். எந்தப் பட்டன் அதிகமா தேயுது? புள்ளி. எதனால அதிகமா புகார்? புள்ளி. மூலகாரணத்தைக் கண்டுபிடிச்சு வேரோட தீர்த்துட்டோம். புது மாடல்ல புள்ளிப் பட்டனே கிடையாது!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. 

"இனி நீங்க புள்ளி வைக்க வேணாம். எங்க வைக்கணும்னு மெஷினே ஊகிச்சுக்கும். நீங்க சொல்ல நினைச்சதைத்தான் சொல்லும்னு இல்ல. ஆனா கேக்கறவங்க எதை எதிர்பார்க்கறாங்களோ அதைச் சொல்லும். அதோட, புள்ளி புள்ளின்னு நீங்க ஆசையா கேட்டதால, காத்திருக்கற ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு ஒரு புள்ளி. புள்ளி சேரச் சேர, அடுத்த மாடலுக்கு இன்னும் முன்வரிசையில காத்திருக்கலாம்!"

இரண்டு காவலர்கள் வெல்வெட் துணியை இழுத்தார்கள். அடியில் இன்னொரு துணி இருந்தது. முன்னதைவிட மெல்லியது. "எவ்வளவு மெலிசு!" என்று அரங்கம் வாயைப் பிளந்தது.

வதந்தி மேலாளர் அக்காவின் அருகே குனிந்து லேப்டாப்பின் விளிம்பைப் பிடித்தார். "குடுங்கம்மா. குரலை எடுத்து வெச்சுக்கறோம். புது மெஷின் வந்ததும் அதுல இருக்கும்."

"எப்ப வரும்?" என்று மாஸ்டர் மேடை ஓரத்திலிருந்து கத்தினார்.

"வரலாம் சார்."

"அதுவரைக்கும் அவ எப்படிப் பேசுவா? நாளைக்குக் காலையில கிளாஸ் இருக்குய்யா!"

"அதுவரைக்கும் எதிர்பார்க்கலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே மேலாளர் இழுத்தார். அக்கா விடவில்லை. அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். லேப்டாப்பின் கீல் கிறீச்சிட்டது. மாஸ்டரின் கால் மேடைப் பலகையைத் தடதடவென்று மிதித்தது, ஓடுகிற எதுவும் நிற்கவில்லை. இவளை இங்கே கூட்டிவந்தது நான்தானே, நான்தானே என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் நின்றபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

அக்கா ஒரு கையால் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு மறுகையின் ஒரு விரலால் அடித்தாள். மைக் வழியாக அவள் குரல் அரங்கத்தின் மூலை முடுக்கெல்லாம் போய் விழுந்தது.

"வேணடாம."

 மடக்கு நாற்காலிக்காரர் துள்ளி எழுந்தார். "பேரு வெளிய வந்துருச்சு! புது மாடல் பேரு வேணடாம!"

"வேணடாம! வேணடாம!" என்று அரங்கம் ஒரே குரலில் முழங்கியது. விசில் பறந்தது. எங்கே தப்பு நடந்தது என்று புரியாவிட்டாலும் நல்லது நடந்துவிட்டது என்று தலைவருக்குப் புரிந்தது. அவர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதை நாங்க உறுதிப்படுத்தவும் இல்ல, மறுக்கவும் இல்ல!" என்று மைக்கில் சொன்னார். தலைவருக்கு வழிவிட மேலாளர் லேப்டாப்பை விட்டு விலகினார். அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. மாஸ்டர் மேடையேறி அக்காவையும் லேப்டாப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக ஓடினார். மாணவர்களுக்கு எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பாரோ அதையெல்லாம் செய்து காரை வீட்டுக்கு ஓட்டினார்.

குரல் பிழைத்தது. புள்ளி வரவில்லை. விடிந்தால் திங்கட்கிழமை.

"சாக்பீஸ் ரூம்னா சாக்பீஸ் ரூம் அக்கா. நான் தினம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாஸ்டர்.   அக்கா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடியைச் சாத்தினாள்.

காலையில் நிர்வாகக் குழு வகுப்பின் பின்வரிசை பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. குழுத் தலைவி ஒரு பல் டாக்டர். வாயைத் திறக்காமல் எல்லாரையும் அளந்துகொண்டிருந்தார். மாஸ்டர் வெளியே ஜன்னலோரம் நின்றார். உள்ளே வர அனுமதி இல்லை. அவர் செருப்பு மண்ணில் குழி பறித்துக்கொண்டிருந்தது.

அக்கா கரும்பலகையில் மூன்றையும் ஐந்தையும் எழுதி நடுவில் கூட்டல் குறி போட்டாள். லேப்டாப்பில் அடித்தாள்.

"எடடு."

பழக்கதோஷத்தில் பின்வரிசையில் ஒரு பையன், "எட்டு டீச்சர்!" என்று கூவிவிட்டு, பக்கத்தில் குழு இருப்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். தொலைந்தது.

ஆனால் அக்கா அந்தப் பையனைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். பிறகு மொத்த வகுப்பையும் பார்த்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, எல்லாரும், என்று காட்டினாள். மறுபடி அடித்தாள்.

"எடடு" என்றது லேப்டாப்.

"எட்டு!" என்றது வகுப்பு.

"பதது."

"பத்து!"

"முககோணம."

"முக்கோணம்!"

பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேட்டுச் சிரிக்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தார்கள். இப்போது யார் முதலில் புள்ளி வைப்பது என்று போட்டி. லேப்டாப் என்ன சொல்லப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வகுப்பில் அதுவரை யாரும் யாருடைய பேச்சையும் அவ்வளவு கவனித்துக் கேட்டதில்லை. குழுவில் ஒருவர் தம்மை மறந்து, "நாற்பது!" என்று சேர்ந்து சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

குழுத் தலைவி எழுந்து நின்றார். வகுப்பு அடங்கியது.

"டீச்சர், பெற்றோர் புகார் ஒரு வார்த்தையைப் பத்தினது" என்றார். "அந்த வார்த்தையை இப்ப எங்க முன்னால மெஷின் சொல்லட்டும். காதால கேட்டுட்டு முடிவு பண்றோம்."

ஜன்னலுக்கு வெளியே மாஸ்டரின் கால் முழு பலத்தோடு மண்ணில் அழுந்தி அப்படியே நின்றது.   அக்கா பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள். பிள்ளைகள் அவள் விரலைப் பார்த்தார்கள். முதல் எழுத்தை அடித்தாள். இரண்டாவதை அடித்தாள். புள்ளி இருந்த பள்ளத்தில் விரல் ஒரு கணம் நின்றது, நகர்ந்தது. மூன்றாவதையும் அடித்துவிட்டாள்.

"கல..." என்று லேப்டாப் ஆரம்பித்தது.

"கல்வி!" என்று வகுப்பு கத்தியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வகுப்புகளில் பாடம் நின்றது. லேப்டாப் அதற்குள் சொல்லி முடித்திருந்தது. என்ன சொன்னது என்று யாருக்கும் கேட்கவில்லை.

தலைவி இருபக்கமும் திரும்பி, "உங்களுக்குக் கேட்டுதா?" என்றார்.

"கல்வின்னு கேட்டுது" என்றார் 'நாற்பது' சொன்னவர்.

"எனக்கும் அப்படித்தான் கேட்டுது" என்றார் தலைவி. ரொம்ப நேரத்துக்குப் பிறகு அவர் முகம் இளகியது. "சரிங்க டீச்சர். நாளைலேர்ந்து நீங்க வழக்கம்போல வகுப்புக்கு வரலாம்."

அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், மாஸ்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "அந்தப் பேச்சே வேணாங்க! வரலாம்னா? வரலாம்னா என்ன அர்த்தம்? தெளிவா சொல்லுங்க! வருவாங்களா, மாட்டாங்களா?"

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது. லேப்டாப்பைத் தம்பி பக்கமாகத் திருப்பி வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் அடித்தாள்.

"வருவேன" என்றது அவள் குரல்.

"வருவேன்!" என்றது வகுப்பு.

மாஸ்டர் காலை எடுத்தார்.